பதினோரு வருடம் நார்மல்

பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன். வேறு வழியில்லை. இடது காதில் போனை வைத்தால் ஒன்றுமே வராது. வலது காதில் வைத்தால் பாதி வார்த்தை வரும், மீதியை நானாகப் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அப்படி நிரப்பிக்கொண்டதில் ஒரு கல்யாணத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போயிருக்கிறேன். அதனால் எனக்கு வரும் எந்த போனும் வீட்டில் ரகசியமில்லை. ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடைமேல் வைத்துவிடுவேன். எனக்கு விட்டுப்போனதை மனைவி உதட்டை அசைத்துத் திருப்பிச் சொல்வாள்.

பேசியவர் என் பழைய ஷிஃப்ட் இன்சார்ஜ். சேலத்துக்காரர், இப்போது மேனேஜர். கம்பெனி சூளகிரிப் பக்கம் புதிதாக ஒரு பிளாண்ட் போட்டிருக்கிறது, அதற்கு ஆள் சேர்க்கிறார்.

"என்னப்பா, பூ கட்டுனது போதும், வந்துடு," என்றார். "புது பிரஸ்ஸு, புது டை, எல்லாம் வந்து இறங்கியிருக்குது. வேல தெரிஞ்ச செட்டர்தான் ஒருத்தன் இல்ல. உன் காது வேணும்பா எனக்கு."

மனைவி கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவில்லை. அது எனக்குக் கேட்டுவிட்டது என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நான் ஒரு வாரம் டைம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு வைத்தார்.

அப்போது நான் பாகலூருக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப் பண்ணையில் மேஸ்திரியாக இருந்தேன். பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைக்குள் வரிசையாக ரோஜா. வெட்டி, முள் சீவி, இருபது இருபதாகக் கட்டி, பெட்டியில் அடுக்கி பெங்களூருக்கு அனுப்புவோம். சத்தமில்லாத வேலை என்பதற்காகவே அதில் சேர்ந்திருந்தேன். அதற்கும் முடிவு வந்துவிட்டது. நிலத்துக்காரர் மனை பிரித்து விற்கப்போகிறார், ஆட்கள் வந்து அளந்துவிட்டும் போய்விட்டார்கள். ஆடி முடிந்ததும் கொட்டகையைப் பிரிப்போம் என்று எங்களைக் கூப்பிட்டு முன்கூட்டியே சொன்னார். நல்ல மனிதர். அவர் முன்கூட்டியே சொன்னதால் எனக்கு முன்கூட்டியே தூக்கம் போனது.

மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். மனைவிக்குக் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. அவள் ஒருத்தி சம்பளத்தில் வீடு ஓடும், காலேஜ் ஓடாது. நாற்பத்தைந்து வயதில் காது மந்தமான ஒருவனுக்கு இந்த வட்டாரத்தில் எந்த கேட்டும் திறக்காது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குக்கூடக் காது வேண்டும். ஆக, அது கையெடுத்துக் கும்பிட்டு எடுத்திருக்க வேண்டிய போன். நானோ ஒரு வாரம் டைம் கேட்டிருந்தேன்.

ஓசூரில் நான் பார்த்த காது டாக்டர் சொன்னதுதான் காரணம். இடது காது முடிந்துபோன கதை. வலதில் பாதி இருக்கிறது. "இனிமே சத்தத்துல நின்னீங்கன்னா இதுவும் போயிடும், அப்புறம் காதுல மிஷின் வச்சாலும் பிரயோஜனம் இல்ல," என்றவர், எனக்குக் கேட்டதோ என்னவோ என்று சந்தேகப்பட்டு அதைச் சீட்டிலும் எழுதிக் காட்டினார். பிரஸ் ஷாப்புக்குத் திரும்பினால் மீதிக் காது போகும். திரும்பாவிட்டால் மகளின் படிப்பு போகும். விஷயம் அவ்வளவுதான். இதை யோசிக்க ஒரு வாரம் எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிரஸ் ஷாப் என்பது இரும்புத் தகட்டை அச்சில் கொடுத்து அடித்து வடிவம் எடுக்கும் இடம். வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் எல்லாம் அப்படி வருபவைதான். அந்த அச்சுக்கு டை என்று பெயர். டையை மிஷினில் ஏற்றி, மயிரிழை பிசகாமல் உட்காரவைத்து, முதல் பீஸ் சரியாக வரும்வரை நின்று பார்த்து ஒப்படைப்பவன் செட்டர். பதினோரு வருடம் நான் அந்த வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் எல்லாரும் கூலிக்காரர்கள். அடுத்தவர் காட்டில் தக்காளி பறித்தவர்கள், கோஸ் மூட்டை தூக்கியவர்கள். பேருக்குப் பின்னால் ஒரு வேலையின் பெயரை வைத்துக்கொண்டவன் நான்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தத் திமிர் உட்கார்ந்திருந்த இடம் காது. தகட்டில் ஓட்டை போடும் பஞ்ச் மழுங்க ஆரம்பித்தால் பீஸில் பிசிறு தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் மாறும். நல்ல அடி வெட்டினாற்போல் விழும், மழுங்கிய அடி கொஞ்சம் இழுக்கும். முப்பது பிரஸ் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது நான்காவது வரிசையில் ஒரு மிஷின் இழுப்பதை நான் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் நான் சொன்னது சரியாக இருக்கும். இன்சார்ஜ் முதுகில் தட்டுவார். அதற்காக எதையும் செய்யலாம் என்று தோன்றும் வயது.

கம்பெனி காதடைப்பான் கொடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கொடுத்தார்கள், கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில், நூல் கோத்து. அதைக் காதில் வைத்தால் டை பேசுவது கேட்காது என்று நாங்கள் செட்டர்கள் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டோம். சேஃப்டி ஆபீசர் ரவுண்டு வருகிறார் என்றால் முதல் மிஷின்காரன் இரண்டு விரலைக் காதருகே கொண்டுபோவான். அது வரிசையாகக் கடைசி மிஷின் வரைக்கும் போகும். அவர் வந்து பார்க்கும்போது எல்லார் காதும் ஆரஞ்சாக இருக்கும். போனதும் மறுபடி மாலை.

அதைவிடப் பெரிய கூத்து வருடத்துக்கு ஒருமுறை நடந்தது. கேண்டீனுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து நிற்கும். உள்ளே பஞ்சு வைத்து அடைத்த ஒரு சின்ன அறை, டெலிபோன் பூத் மாதிரி. அதில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் நன்றாகக் கேட்கிற மாதிரி வரும், பிறகு கொசு பாடுகிற அளவுக்கு மெலியும். ஃபெயில் ஆனவனைப் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போடுவார்கள். அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை. செட்டர் என்ற பெயர் போகும், ஓவர்டைம் போகும், கேண்டீனில் தட்டோடு வந்து உட்கார்ந்தால் "செவிட்டு செக்ஷன் வந்துட்டாரு, சைகைல சொல்லுங்க" என்று கிண்டல் வேறு. அந்தக் கிண்டலைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பெண் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் கை மேஜைக்குக் கீழே மறைந்திருக்கும், முழங்கை தெரியும். ஒவ்வொரு முறை சத்தம் அனுப்பும்போதும் அந்த முழங்கை ஒரு துளி அசையும். முதலில் அதைக் கண்டுபிடித்தது யார் என்று தெரியாது. எனக்கு வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் ஹெட்போனைக் கேட்கவே இல்லை, முழங்கையைப் பார்த்தோம். கொஞ்சம் புத்திசாலித்தனமும் உண்டு. எல்லாவற்றுக்கும் அமுக்கக் கூடாது, கடைசி இரண்டு மூன்றை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சந்தேகம் வரும். வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். கம்பெனியையே ஏமாற்றிவிட்டோம் என்று அவ்வளவு சந்தோஷம்.

என் ஃபைலில் பதினோரு சீட்டு இருக்கிறது. பதினொன்றிலும் நார்மல்.

காது போவது கை போவது மாதிரி ஒரு நாளில் நடப்பதில்லை. முதலில் குக்கர் விசில் போனது. பிறகு ஊரில் குருவிகள் குறைந்துவிட்டன என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். மகள் ஜன்னலைக் காட்டி, "இதோ கத்திட்டுத்தானே இருக்குது நைனா" என்று சொன்னபோது அவளைத் திட்டினேன். கோபம் வருவதும் காது போவதும் ஒன்றாக நடந்தது எனக்கு. எல்லாரும் முணுமுணுக்கிறார்கள், வேண்டுமென்றே மெதுவாகப் பேசுகிறார்கள் என்று சண்டை போட்டேன். ஒரு நாள் ஷாப்பில் பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட் என் தோளை உரசிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் வெளிறிப்போய், "எவ்ளோ நேரமாண்ணா ஹாரன் அடிக்கிறன்," என்றான். அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டதற்கு, சொந்தக் காரணம் என்று எழுதினேன். சொந்தக் காது என்று எழுதியிருக்க வேண்டும்.

பிறகு யாரோ சொல்லி, தொழிலாளர் காப்பீட்டில் இதற்கு ஏதாவது வழி உண்டா என்று விசாரிக்கப் போனேன். அங்கிருந்த டாக்டர் பொறுமையான மனிதர். கம்பெனி ஃபைலின் நகலை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "நீங்க வேலையில இருந்த வரைக்கும் எல்லா வருஷமும் நார்மல்னு இருக்குதே," என்றார். முழங்கையைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? என் காது கம்பெனியில் போகவில்லை என்பதற்கு நானே பதினோரு முறை பட்டன் அமுக்கிச் சாட்சி சொல்லியிருந்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பவனுக்குக் காது மந்தமானால் ஒரு தொல்லை கூடுதல். எனக்கு வீட்டு பாஷை தெலுங்கு. மனைவிக்குக் கன்னடம். கம்பெனியில் தமிழ். சந்தையில் ஒரு ஆள் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் அலுத்துக்கொண்டு போவார். காது நன்றாக இருக்கும்வரை இதெல்லாம் ஒரு விஷயமாகவே தெரியாது. இப்போது நான் உதட்டைப் பார்த்துப் பிழைக்கிறவன். தமிழ் உதட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போதே எதிராளி கன்னடத்துக்குத் தாவிவிடுவார், நான் நடுத்தெருவில் நிற்பேன். அவர் அடுத்த பாஷைக்கு வந்தபிறகுதான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். வினபடிந்தா, கேளிஸ்தா, கேக்குதா என்று மூன்று பாஷையிலும் என்னிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. மூன்றுக்கும் தலையை ஆட்டிவைப்பேன்.

கன்னடம்தான் எனக்கு முதலில் கை நழுவியது. அது என் மனைவியின் பாஷை. அவள் அதைப் புரிந்துகொண்டு என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்தாள். இருபது வருடம் கன்னடத்தில் என்னைத் திட்டியவள் இப்போது தமிழில் நிதானமாக, வாயைத் திறந்து திறந்து பேசுகிறாள். அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை. இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

போன் வந்த நான்காவது நாள் அவளே பேச்செடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

"என்ன சொல்றது?"

"கேக்கலன்னு சொல்லுங்க. உக்காந்து பண்ற வேல எதனா குடுக்கச் சொல்லுங்க. ஸ்டோர்ல, ஆபீஸ்ல. அவ்ளோ வருஷம் உழைச்சீங்க, குடுக்க மாட்டாங்களா?"

"சொன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"சொல்லாம போனா?"

"இருக்கிற வரைக்கும் ஓட்டலாம். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும்."

"அவ படிச்சு முடிச்சு வந்து உங்ககிட்ட என்ன பேசறது?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கு வேறு வழி தெரிந்தால் சொல் என்று எரிந்து விழுந்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். அவள் கேட்டது நியாயம், நான் கத்தியது அநியாயம். ஆனால் கத்தும்போது என் குரல் எனக்கு நன்றாகக் கேட்கிறது, அதில் ஒரு அற்ப சுகம்.

மறுநாள் மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பினேன், வந்து ஒருமுறை பார்க்கிறேன் என்று. வியாழக்கிழமை வரச் சொன்னார்.

பைக்கில் போகவில்லை. நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் எனக்குக் கேட்காது என்பதால் பைக்கை ஊருக்குள் மட்டும்தான் எடுக்கிறேன். ஓசூர் போய் கிருஷ்ணகிரி பஸ் பிடித்து சூளகிரியில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. முன்பு ராகியும் அவரையும் போட்டிருந்த மேட்டில் ஒரே நீலத் தகடாக பிளாண்ட் நின்றது. கேட்டில் மேனேஜரே வந்து கூட்டிக்கொண்டு போனார். தலை நரைத்திருந்தது. என் தோளில் கைபோட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது, வெட்கமாகவும் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் நான் அசந்துபோனேன். தரை பளபளவென்று இருந்தது. பன்னிரண்டு பிரஸ் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சத்தமும் இல்லை. இல்லை என்றால், தூரத்து ஆலையில் ஏதோ ஓடுகிற மாதிரி மெல்ல ஒரு தும் தும். பழைய ஷாப்பில் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்குமே, அது இல்லை. புது டெக்னாலஜி, சத்தத்தை அடக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இந்தச் சத்தத்தில் என் மீதிக் காது பத்து வருடம் தாங்கும். அந்த ஒரு நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுத இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. மகளுக்கு எந்தக் காலேஜ் என்பதுவரை மனசு ஓடிவிட்டது.

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். சத்தமே இல்ல," என்றேன்.

மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார். காதிலிருந்து அடைப்பானை எடுத்துவிட்டு என் வாயருகே குனிந்தார். அப்போதுதான் பார்த்தேன். ஷாப்பில் இருந்த எல்லாரும் காதை மூடிய பெரிய மஃப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் பக்கத்து மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் நடுங்கியது. சத்தம் அங்கே நிறைய இருந்தது. எனக்குத்தான் இல்லை.

சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் சிரித்து வைத்தேன். அவரும் தலையாட்டிவிட்டு என்னை ஐந்தாவது பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். காலையிலிருந்து பீஸில் ஓட்டை இடம் தள்ளித் தள்ளி விழுகிறதாம். பையன்களுக்குப் பிடிபடவில்லையாம். சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள், பாதிப்பேர் வடக்கத்திக்காரர்கள். மேனேஜர் அவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார், எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பித் தன் காதைத் தொட்டுக் காட்டி, மிஷினைக் காட்டினார். கேளு என்கிறார்.

நான் பழைய மாதிரி தலையைச் சாய்த்து நின்றேன். கண்ணை மூடினேன். தும், தும், தும். அவ்வளவுதான். மேலே ஒன்றுமில்லை. அதற்குமேல் என்னென்னவோ இருந்த காலம் நினைவில் இருந்தது, சத்தம் இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். பீஸை எடுத்துத் தடவினேன், விரலில் பிசிறு லேசாக உறுத்தியது. அதைப் பிடித்துக்கொண்டு, பஞ்ச்தான், டையை இறக்குங்க என்று கை காட்டினேன். அவ்வளவு நிச்சயமாக நான் வேறு எந்தப் பொய்யும் சொன்னதில்லை.

டையை இறக்கிப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. பஞ்ச் புதுசு மாதிரி இருந்தது. மறுபடி ஏற்றி ஓட்டினார்கள், மறுபடி ஓட்டை தள்ளி விழுந்தது. அப்போது மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த ஒடிசாக்காரர், முப்பது வயதிருக்கும், தயங்கித் தயங்கி மேனேஜரிடம் வந்தார். தகட்டை உள்ளே தள்ளும் உருளையைக் காட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு 'கிரீச்' என்று வாயால் செய்து காட்டினார். உருளை வழுக்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் கத்துகிறது. சொன்னதும் சுற்றி நின்ற எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மஃபுக்குள்ளேயே எல்லாருக்கும் காலையிலிருந்து அது கேட்டிருக்கிறது. பெரிய ஆள் வந்து பஞ்ச் என்று சொல்லிவிட்டதால் சும்மா இருந்திருக்கிறார்கள். நான் உருளைக்குப் பக்கத்தில் குனிந்து வலது காதைக் கொண்டுபோனேன். எனக்கு அப்போதும் கேட்கவில்லை.

அந்த ஒடிசாக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார். அவரை அறைந்துவிடலாம் போலவும் காலில் விழலாம் போலவும் இருந்தது.

மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். டீ வரவழைத்தார். "புது மிஷினு, பழகணும்ல, விடு," என்றார். நான் டீயைத் தொடாமல் சொல்லிவிட்டேன். இடது காது போச்சு சார். வலதுல பாதிதான். ரிசைன் பண்ணினது அதனாலதான். வேனில் நாங்கள் எல்லாரும் முழங்கையைப் பார்த்துத்தான் அமுக்கினோம். மூன்றாவது வருடத்திலிருந்து ஒருமுறைகூட நான் நிஜமாகப் பாஸ் பண்ணியதில்லை. இதைச் சொன்னால் அவர் எழுந்து நிற்பார், கத்துவார், என்னை எப்படியெல்லாம் ஏமாற்றினாய் என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராக இருந்தேன். உண்மையில் அதை விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "தெரியும்பா," என்றார்.

என்ன தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எல்லாருக்கும் தெரியும். நானே அப்படித்தான் பாஸ் பண்ணன். ஒரு டாக்டரு எழுதினாரு, அந்தக் கண்ணாடிக்கு ஒரு ஸ்கிரீன் போடுங்கன்னு. அத போட்டா பாதி ஷாப்பு காலியாயிடும், வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. உங்களுக்கும் அதான இஷ்டம்? நீங்க யாரும் பேக்கிங்குக்குப் போக ரெடியா இல்லியே."

எனக்கு முகம் சூடேறியது. நாங்கள் வெளியே வந்து சிரித்துக்கொண்டோமே, அப்போது உள்ளே இவர்களும் சிரித்துக்கொண்டார்களா என்று தோன்றியது. அவர் அதோடு விடவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு மேலே பேசினார்.

"உனக்குக் கேக்க வேணாம்பா. கஸ்டமர் ஆடிட்டு வருது, பத்து வருஷத்துக்கு மேல அனுபவம் இருக்கிற செட்டர் பேரு ஒண்ணு லிஸ்ட்டுல இருக்கணும். உன் ஃபைலு சுத்தமா இருக்குது. நீ பாட்டுக்கு வந்து நில்லு. மெடிக்கலுக்கு அதே வேன்தான் வருது."

அவர் கெட்டவர் இல்லை. என் மகளைப் பற்றி விசாரித்தார், என்ன படிக்கப்போகிறாள் என்று கேட்டார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இவருக்கு வேண்டியது என் காது இல்லை, கையும் இல்லை. பதினோரு நார்மல் சீட்டு வேண்டும், அவற்றைத் தாங்கி நிற்க ஒரு உடம்பு வேண்டும். அந்த உடம்பில் மீதியிருக்கும் அரைக் காது என்ன ஆகும் என்பது அவர் கேள்வியே இல்லை. இத்தனை வருடம் அது என் கேள்வியாகவும் இருந்ததில்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"ஸ்டோர்ல எதனா இருக்குதா சார்?" என்று மனைவி சொன்னதைக் கேட்டுப் பார்த்தேன். ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களை எடுத்துவிட்டார்களாம்.

"அப்ப வரல சார்," என்றேன். அவர், யோசித்துச் சொல், திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருக்கிறேன் என்றார். யோசித்துவிட்டேன் என்று எழுந்துவிட்டேன். கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அவரும் என்னைப்போல ஒரு காதைப் பேசுகிறவர் பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டு நடக்கிறார் என்பதை வெளியே வரும்போது கவனித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கொஞ்ச தூரம் வரை எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நான் அவமானப்படவில்லை, நான்தான் அவர்களை வேண்டாம் என்றேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓசூர் வரும்போது அந்தத் தெம்பு போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கம்பெனி ஆட்கள் தேவை என்று ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் வயது முப்பதுக்குள் கேட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மனைவி வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். ஏன் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன், உருளை கத்தியதை, வேன் கண்ணாடிக்கு ஸ்கிரீன் போடச் சொல்லி டாக்டர் எழுதியதை, எல்லாவற்றையும். மனைவி கேட்டுவிட்டு, "சரி, நல்லதே பண்ணீங்க," என்றாள். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். எனக்கு மனசு லேசானது. வாசல் பக்கம் வந்து அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டையைக் கழற்றினேன்.

பின்னால் மகள் அவள் அம்மாவிடம் பேசினாள். முகம் எனக்குத் தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, எனக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகக் கன்னடத்தில் பேசினாள். "ஹாகாத்ரே நானு காலேஜிகே ஹோகல்வா அம்மா?" அப்படியானால் நான் காலேஜுக்குப் போகப்போவதில்லையா என்று. வலது காதுப் பக்கமாக வந்ததாலோ என்னவோ, ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது. மனைவி என்ன பதில் சொன்னாளோ, அது கேட்கவில்லை. கேட்காதவன் மாதிரியே சட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.